அடைப்புக்குறிக்குள் ஊர் இல்லாதவர்

அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை பிடிப்பது, அடுத்த வீட்டுப் புருசன் பெண்சாதி சண்டையை விலக்கப் போகிற மாதிரியான தொழில். நியாயம் யார் பக்கம் என்று கண்டுபிடித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் நாங்கள்தான் எதிரி.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், லிப்ட் வேலை செய்யாத தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலிருந்து இதைச் செய்கிறேன். முன்பு ஒரு கம்பனியில் மென்பொருள் சோதிக்கிற வேலை பார்த்தேன். நாடு நொடித்தபோது கம்பனி வெளிநாட்டுக்குப் போனது, எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இப்போது பைத்தன் படிக்கத் தொடங்கி நடுவழியில் நிற்கிறவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வருகிறார்கள். வந்து முதலில் மூச்சு வாங்குவார்கள், பிறகு ‘நேற்றுவரைக்கும் வேலை செய்தது மிஸ்’ என்பார்கள். இந்த வசனத்தைக் கேட்டு வாழ்க்கை வெறுத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பாதிப்பேர் ரெகெக்ஸ் என்ற ஒன்றில் கால் தடுக்கி விழுந்தவர்கள். அது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பந்தி எழுத்துக்குள் இருந்து பெயர், திகதி, போன் நம்பர் என்று வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு அச்சு எழுதிக் கொடுக்கிறோம். அச்சுக்குப் பொருந்துவதை எடுக்கும். பொருந்தாததைச் சத்தம் போடாமல் விட்டுவிட்டுப் போகும். பிழை என்று கத்தினாலாவது பரவாயில்லை, கத்தாது. அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது, எங்கள் உயிரையும் வாங்குகிறது.

ஒருவரும் இல்லாத மனிசன்

அனுஷா முதன்முதல் வந்தது ஒரு சனிக்கிழமை. கொட்டாஞ்சேனையில் தங்கச்சியோடு ஒரு அறையில் இருக்கிறாள். பிறந்தது அட்டன் பக்கத் தோட்டமொன்றில். புறக்கோட்டையில் துணிக்கடையில் நின்றுகொண்டே, பின்னேர வகுப்பில் கம்பியூட்டர் படித்தவள். நின்றுகொண்டே என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கடையில் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. முப்பது வயதாகும் முன்னமே அவளுக்குக் காலில் நரம்பு புடைத்திருந்தது. ஒருவழியாகக் காலி வீதியில் இணையத்தில் மரண அறிவித்தல் போடுகிற ஒரு கந்தோரில் வேலை கிடைத்தது, முதலில் ஒரு தவணைக்கு மட்டும். முதலாளி சத்தியன் சொன்னது இதுதான்: குடும்பங்கள் அனுப்புகிற அறிவித்தலைப் புரோகிராம் தானே வாசித்து, பெயர், திகதி, சொந்தபந்தம் எல்லாவற்றையும் பிரித்துப் பக்கத்தில் போட வேண்டும். தவணைக்குள் அது ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் திரும்பவும் துணிக்கடை.

எங்கள் யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலுக்கு ஒரு போக்கு இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். பிறகு அன்புக் கணவர், பாசமிகு தகப்பன், மைத்துனர், சகலன் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஊர்: கனடா, லண்டன், சுவிஸ், கொழும்பு. யாருடைய பிள்ளை எந்த நாட்டில் என்று பார்ப்பதற்காகவே வாசிக்கிற சனம் உண்டு. ஏற்கெனவே இறந்தவர்களுக்கு ஊர் கிடையாது. பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டுவிடுவார்கள். ஆக எங்கள் சனத்தில் எல்லோருக்கும் ஒன்று முன்னால் காலஞ்சென்ற, அல்லது பின்னால் ஊர்.

அனுஷா எழுதிய அச்சு ஒருவரையும் பிடிக்கவில்லை. ரெகெக்ஸில் அடைப்புக்குறிக்கு வேறு வேலை இருக்கிறது; அதை வெறும் அடைப்புக்குறியாக எடு என்றால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். அவள் போடவில்லை. பேரப்பிள்ளைகள் பூட்டப்பிள்ளைகளைக் கண்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த மனிசன் திரையில் அநாதையாகக் கிடந்தார். பின்சாய்கோட்டைப் போட்டதும் லண்டனும் கனடாவும் பொலபொலவென்று வந்து விழுந்தன. அவள் அதைப் பார்த்துச் சந்தோசப்படவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுச் சொன்னாள்: “எங்க தோட்டத்துல யாராச்சும் செத்தா தப்படிப்பாங்க மிஸ், அடைப்புக்குறி எல்லாம் போட மாட்டாங்க.”

ரொறன்ரோவில் இருந்து ஒரு காலஞ்சென்றவர்

அடுத்த பிழை என்னிடம் வருவதற்கு முன்பே பக்கத்தில் ஏறி ஊர் முழுக்கப் போய்விட்டது. ரெகெக்ஸில் புள்ளியும் நட்சத்திரக் குறியும் சேர்ந்தால் ‘எது வந்தாலும் எடு’ என்று அர்த்தம். அதைப்போல ஒரு பேராசைக்காரனை நான் கண்டதில்லை. ‘காலஞ்சென்ற என்பதிலிருந்து ஆகியோரின் என்பது வரை எடு’ என்று அனுஷா எழுதியிருந்தாள். பக்கத்தில் இருக்கிற ‘ஆகியோரின்’ இல் நிற்கும் என்று அந்தப் பிள்ளை நம்பினாள். அது நிற்கவில்லை. பந்தியின் கடைசி ‘ஆகியோரின்’ வரை ஓடி, வழியில் நின்ற அவ்வளவு பேரையும் அள்ளிக் காலஞ்சென்றவர்கள் பட்டியலில் கொட்டிவிட்டது. செத்தது ஒரு மனிசி. அவவோடு சேர்ந்து தம்பிமார், தங்கச்சிமார், மச்சான்மார் எல்லோரும் ஒரே காலையில் போய்விட்டார்கள்.

நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் முதல் இடத்திலேயே நின்றுவிடும். அதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு நிமிடம் போகவில்லை. ஆனால் அதற்குள் சத்தியன் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இருக்கிற ஆளைச் சாகடித்தால் வேலையை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார். அவள் அழுததாகச் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு ஒவ்வொருவருக்கும் அவளே போன் எடுக்க வேண்டும் என்பது தண்டனை. என் வீட்டில் இருந்தபடியே ஸ்பீக்கரில் போட்டு எடுத்தாள், நானும் கேட்டுக்கொண்டு இருந்தேன். ரொறன்ரோவில் இருக்கிற தம்பியார் ஏசவில்லை. சொன்னார்: “விடு தங்கச்சி, ரெண்டு நாளாச் சனம் போன் எடுத்துக்கொண்டே இருக்குது, உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் எடுக்கேல்லை.”

பெண்கள் இல்லாத கம்பனி

பிழை எல்லாம் அனுஷாவுக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதே கிழமை தெமட்டகொடையில் இருந்து ஃபர்ஹான் என்பவர் வந்தார். மத்திய கிழக்குக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிற கம்பனி ஒன்றில் கிளார்க். விண்ணப்பங்களில் இருந்து அடையாள அட்டை இலக்கத்தைப் பொறுக்கி எடுத்து, பிழையான இலக்கங்களை வடிகட்டுகிற புரோகிராம் எழுதியிருந்தார். கெட்டிக்காரர். இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வருகிற மூன்று எண்கள், அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் பிறந்தவர் என்பதைச் சொல்லும் என்று எங்கேயோ வாசித்திருக்கிறார். வருசத்துக்கு முந்நூற்று அறுபத்தாறு நாளுக்கு மேல் கிடையாதே, அதற்கு மேலே உள்ளதெல்லாம் பொய் இலக்கம் என்று தூக்கி எறிய வைத்துவிட்டார்.

இந்த நாட்டில் அடையாள அட்டை எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டித்தான் எழுதுவார்கள். ஆணா பெண்ணா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது. ஃபர்ஹானின் புரோகிராம் அத்தனை பெண்களையும் பிறக்காதவர்கள் என்று தள்ளிவிட்டிருந்தது. தன்னுடைய சட்டைப் பையில் இருக்கிற அட்டையை மட்டும் வைத்துச் சோதித்திருக்கிறார், உம்மாவின் அட்டையை ஒருதரம் பார்த்திருந்தால் போதும். நான் விளக்கியதும் தலையில் கை வைத்தார். “நாங்க அனுப்புறதே வீட்டு வேலைக்குப் பொம்பளைங்களைத்தானே மிஸ், மெனேஜர் லிஸ்டைப் பார்த்துட்டு, டிரைவர்மாரை வெச்சா சமைக்கப் போறீங்கன்னு கேட்டார்.”

திகதி இல்லாத அம்மா

அனுஷாவின் தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. புரோகிராம் ஓரளவு நன்றாக ஓடியது. ஒவ்வொரு காலையும் வந்திருக்கிற மெசேஜ்களை வாசித்து, எல்லாம் சரியாக இருந்தால் தானே பக்கத்தில் போட்டுவிடும். ஒரே ஒரு அறிவித்தல் மட்டும் ஒவ்வொரு காலையும் புரோகிராமை விழுத்திக்கொண்டு இருந்தது. இறந்த திகதியைத் தேடுகிற அச்சு ஒன்றையும் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பி வந்தது. திகதியை எப்படி எழுதியிருப்பார்கள், மாதத்தை எழுத்தில் போட்டிருப்பார்களா, புள்ளி வைத்திருப்பார்களா என்று நாங்கள் இரண்டு பேரும் அச்சை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒன்றுக்கும் மசியவில்லை.

கடைசியில் நான், எப்போதும் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். மூல மெசேஜை வாசித்தேன். ஹெவ்லொக் டவுனில் வசிக்கிற பரமேஸ்வரி என்கிற அம்மாவின் அறிவித்தல். லண்டனில் இருக்கிற மகன் அனுப்பியிருக்கிறார். பிறந்த திகதி இருக்கிறது, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். ‘காலமானார்’ என்பதற்கு முன்னால் திகதிக்குக் கோடு மட்டும் போட்டிருந்தது. அடியில் ஒரு வரி: அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான், திகதியைப் பிறகு அறிவிக்கிறோம்.

அச்சு பிழையில்லை, புரோகிராம் பிழையில்லை. மனிசி சாகவில்லை, அவ்வளவுதான். அனுஷா உடனே சத்தியனுக்குப் போன் எடுத்தாள். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “இதெல்லாம் முந்தியே அனுப்புவினம் பிள்ளை, அதைத் தனி ஃபோல்டரில போட்டு வை. வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையளுக்கு ரெண்டு கிழமைதான் லீவு, அதுக்குள்ள எல்லாம் முடியோணும்.”

நல்ல படம்

இதற்குப் பிறகு நடந்ததை அனுஷா பிறகுதான் என்னிடம் சொன்னாள். பரமேஸ்வரி அம்மாவைத் தனி ஃபோல்டரில் போட்டாள். ஆனால் மற்றக் குடும்பங்களிலும் சிலர் திகதி எழுதாமல் ‘இன்று காலமானார்’ என்று மட்டும் அனுப்பினார்கள். அப்படி ஒன்று வந்து, சத்தியன் பின்னால் நிற்கும்போதே புரோகிராம் திரும்ப விழுந்தது. தாயைப் பறிகொடுத்த குடும்பம் கதவடியில் காத்துக்கொண்டு இருந்தது. பயத்தில் அவள் ஒரு வரி சேர்த்தாள்: திகதி கிடைக்காவிட்டால் இன்றைய திகதியைப் போடு. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஓட்டை இருக்கிற இடத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து அடைப்பது. அன்றைக்கு அது சரியாகத்தான் வேலை செய்தது.

சில நாள் கழித்து லண்டன் மகன் அதே அறிவித்தலைத் திரும்ப அனுப்பினார். அம்மாவின் நல்ல படம் ஒன்று கிடைத்திருக்கிறது, பழையதை மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அது தனி ஃபோல்டருக்குப் போகவில்லை, மற்றவற்றோடு சேர்ந்து வந்தது. காலையில் புரோகிராம் ஓடியது. இல்லாத திகதிக்கு அன்றைய திகதியைப் போட்டது. நல்ல படத்தோடு பக்கம் ஏறியது.

பரமேஸ்வரி அம்மா அதற்குள் சுகமாகி வீட்டுக்கு வந்திருந்தா. பத்து மணிக்கு முதல் மலர்வளையம் வந்ததாம். வேலைக்காரப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்றதாம். சத்தியன் அனுஷாவை நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். அவள் என் வாசலில் வந்து நின்று சொன்னாள்: “தனியாப் போகப் பயமா இருக்கு மிஸ், செத்தவங்க முகத்தைப் பார்த்திருக்கேன், நான் சாகடிச்சவங்க முகத்தைப் பார்த்ததில்லை.”

ஹெவ்லொக் டவுனில்

திரீவீலரில் போனோம். வீட்டு வாசலில் மூன்று மலர்வளையங்களைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே பரமேஸ்வரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் தன்னுடைய அறிவித்தலை வாசித்துக்கொண்டு இருந்தா. மெலிந்த மனிசி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடம் கையில் கன்றிப்போய் இருந்தது.

அனுஷா காலில் விழப் போனாள். “எழும்பு பிள்ளை” என்றா அம்மா. “பிள்ளையள் முந்தியே எழுதி வைச்சது பிழையில்லை. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். பிறந்த திகதியும் பிழை.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, போனை எங்கள் பக்கம் திருப்பினா. “அதை விடு. எனக்கு நாலு பிள்ளையள். இதில மூண்டு பேர்தான் இருக்கினம். மூத்தவனை ஏன் விட்டனீங்கள்?”

அனுஷா முன்பு எனக்கு அனுப்பியிருந்த மூல மெசேஜை என் போனில் திறந்தேன். மகன் எழுதத்தான் எழுதியிருந்தார். ‘யோகேந்திரன், மகேந்திரன் (லண்டன்), ரஞ்சினி (கனடா), சுரேந்திரன் (லண்டன்) ஆகியோரின் அன்புத் தாயாரும்’ என்று தெளிவாக இருந்தது. யோகேந்திரனுக்கு முன்னால் காலஞ்சென்ற இல்லை. பின்னால் ஊரும் இல்லை. அனுஷாவின் அச்சு, ஒன்று செத்த ஆளைப் பிடிக்கும், அல்லது ஊர் உள்ள ஆளைப் பிடிக்கும். இரண்டும் இல்லாத ஆளைச் சத்தம் போடாமல் விட்டுவிட்டது. அந்த அச்சைப் பார்த்துச் சரி என்று சொன்னவள் நான்தான்.

யோகேந்திரனை அந்த வீட்டிலிருந்துதான், சண்டைக் காலத்தில் ஒரு பின்னேரம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொண்டுபோனது யார், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. தம்பிமார் அவருக்குக் காலஞ்சென்ற போடச் சொல்லி எவ்வளவோ கேட்டும் அம்மா விடவில்லையாம். இதையெல்லாம் வேலைக்காரப் பெண் பிறகு வாசலில் வைத்துச் சொன்னது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அனுஷா தன் அறிவுக்கு எட்டியதை, உள்ளதை உள்ளபடி, பயந்து பயந்து விளக்கினாள்: “அவங்க பேருக்குப் பின்னால ஊர் போடலைம்மா. ஊர் இல்லாட்டி புரோகிராம் எடுக்காது.”

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சொன்னா: “ஊர் தெரிஞ்சிருந்தா நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பன் பிள்ளை.”

ஒரு கேள்விக்குறி

நேரே என் வீட்டுக்கு வந்தோம். அனுஷா தேத்தண்ணியைத் தொடவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஊரைப் பிடிக்கிற பகுதிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியைப் போட்டாள். ஊர் இருந்தால் எடு, இல்லாவிட்டாலும் ஆளை விடாதே என்று அதற்கு அர்த்தம். இன்றைய திகதியைப் போடுகிற வரியையும் அழித்தாள். நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே செய்தாள்.

பிறகு பழைய அறிவித்தல்களை எல்லாம் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஓட்டினோம். விடுபட்ட பெயர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரத் தொடங்கின. சிலவற்றில் ஊர் எழுத மறந்திருந்தார்கள். ஆனால் ஒரே வரியில் மற்ற எல்லோருக்கும் ஊர் இருந்து, நடுவில் ஒருவருக்கு மட்டும் ஒன்றும் இல்லாத பெயர்களும் இருந்தன. அப்படி எழுதுகிறவர்கள் மறதியில் எழுதுவதில்லை. அந்தப் பெயர்களும் இவ்வளவு நாளும் பக்கத்தில் வந்திருக்கவே இல்லை. நான் இந்தத் தொழிலில் எவ்வளவோ பிழை கண்டிருக்கிறேன். திரையைப் பார்க்க முடியாமல் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றது அன்றைக்குத்தான். பின்னால் இருந்து அனுஷா கேட்டாள்: “இருக்கிறவங்களைச் செத்துட்டாங்கன்னு போட்டப்ப அத்தனை பேர் ஏசினாங்க, இவங்களை விட்டதுக்கு ஒருத்தர்கூட ஏன் மிஸ் போன் எடுக்கலை?”

சத்தியனின் நியாயம்

மறுநாள் அவளுக்காகக் கதைக்க நானே கந்தோருக்குப் போனேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அன்றைக்குக் கெஞ்சினேன். இப்போது புரோகிராமில் பிழை இல்லை என்றேன். தவணைக்குள் முடித்துக் கொடுத்திருக்கிறாள் என்றேன். இந்தத் தொழிலில் உங்கள் கந்தோருக்கு இவளைப்போல் ஒரு ஆள் கிடைக்காது என்றும் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

சத்தியன் கெட்ட மனிசன் இல்லை. எனக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ எடுப்பித்து, எல்லாவற்றையும் கேட்டார். பரமேஸ்வரி அம்மாவே போன் எடுத்துப் பிள்ளையை ஒன்றும் செய்யாதே என்று சொன்னாவாம். அதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். “தாய் மன்னிச்சாலும் மகன் விடுறார் இல்லை அக்கா. தான் முந்தியே எழுதி அனுப்பினது அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு, அந்த வெக்கத்துக்கு ஆரையாவது பழி சொல்லோணும், என்னட்டை இருக்கிறது இந்தப் பிள்ளை மட்டும்தான்.”

கடைசி அறிவித்தல்

அனுஷா புரோகிராமை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போனாள். எந்த வரி எதற்கு என்று தமிழில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் போனாள். துணிக்கடையில் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய இடத்துக்கு சத்தியன் யாரையும் எடுக்கவில்லை. காலையில் ஒரு பொத்தானை அமத்தினால் போதும், அவரே அமத்துகிறார். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

மழைக்காலம் முடிகிற நேரம் பரமேஸ்வரி அம்மா மெய்யாகவே போய்விட்டா. அறிவித்தல் வந்தது. பிறந்த திகதியைத் திருத்தியிருந்தார்கள். பிள்ளைகளின் வரியில் யோகேந்திரன் முதலாவதாக இருந்தார். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை, வெறும் பெயர். நான் அனுஷாவுக்குப் போன் எடுத்தேன். கடையில் சத்தம். அம்மா மோசம் போயிட்டா என்றேன். மூத்தவரின் பெயர் வந்திருக்கிறது என்றேன்.

“பக்கத்துல ஊர் ஏதும் போட்டுடலையே மிஸ்?”

“இல்லை, ஒண்டும் போடேல்லை.”

“அப்ப சரியா ஓடுது மிஸ். கஸ்டமர் வர்றாங்க, வெச்சிடவா?”

பிழையோடு ஓடினால் எழுதினவளை அனுப்பிவிடுகிறார்கள், பிழையில்லாமல் ஓடினாலும் எழுதினவள் தேவைப்படுவதில்லை. இந்தத் தொழிலில் என்னைப்போல் எதையும் எழுதாமல் அடுத்தவர் பிழையைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கு மட்டும் ஒருநாளும் வேலை போவதில்லை.